குனிந்து பார்த்தவர்

நம் சபைகளில் தாழ்மை பெரும்பாலும் நாவோடு நின்றுவிடுகிறது. 'ஒன்றுக்கும் உதவாத அடியேன்' என்று ஜெபத்தைத் தொடங்குகிறோம். ஜெபம் முடிந்த கையோடு, கமிட்டிக் கூட்டத்தில் அடுத்தவரைப் பேசவிடுவதில்லை. யாக்கோபு தம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், உங்களில் ஞானி யார் என்று கேட்டுவிட்டு, அதைச் சாந்தமான நடக்கையில் காட்டச் சொல்கிறார். அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு டாக்டர் பால் பிராண்டின் நினைவு வரும்.

1914இல் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். இங்கிலாந்தில் படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனைக்கு அறுவை மருத்துவராக வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டு அருகே திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே இருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் தோல் நோய் நிபுணர். இவ்வளவு கைகள் ஏன் இப்படி மடங்கிப்போயின என்று பிராண்ட் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. எலும்பு மருத்துவர்கள் யாரும் அதுவரை அந்தக் கைகளை உட்கார்ந்து ஆராயவில்லை.

பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய விரல்களுக்குள் தம் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். கை நசுங்கிவிடும்போல இருந்தது அந்தப் பிடி. எல்லோரும் செத்துப்போனதாக நினைத்திருந்த கையில் நல்ல தசைகள் உயிரோடு இருந்தன. நல்ல தசைநாரை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைகளை அவர் வேலூரில் செய்யத் தொடங்கியதற்கு அந்தப் பிடியே காரணம். தொழுநோயாளியைத் தொடவே ஜனங்கள் நடுங்கிய காலம் அது. தொட்டிருக்காவிட்டால் அவருக்கு இது தெரிந்தே இருக்காது. என்னைப் பொறுத்தவரை அவருடைய ஞானமும் தாழ்மையும் வேறுவேறு அல்ல.

இன்னொரு நாள், துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்கவில்லை. தொழுநோய் கண்ட ஒரு சிறுவன் வந்து சாவியைச் சட்டென்று திருப்பிவிட்டான். அவன் விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. சாவி எலும்பு தெரியுமளவு சதையைக் கிழித்திருந்தது, அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. நோயே சதையை அழுகவைத்து விரல்களை உதிரச் செய்கிறது என்றுதான் அன்று மருத்துவர்களும் நம்பினார்கள். பிராண்ட் அந்த நம்பிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு, நோயாளிகள் எப்படிச் சமைக்கிறார்கள், எதை எப்படிப் பிடிக்கிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்று கவனித்தார். வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடித்துச் சுட்டுக்கொண்டார்கள். சிலருடைய விரல்களை ராத்திரியில் எலி கடித்தது. அதற்கு மருந்து, படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பூனை. அதையும் அவர் சிகிச்சையாகவே எண்ணிக் கொடுத்தார்.

பெரிய வியாழன் அன்று பல ஆலயங்களில் குருவானவர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுகிறார். எனக்குப் பிரியமான ஆராதனை அது. பிராண்டுக்கு அது பிழைப்பாகவே ஆகிவிட்டது. ஆறாத புண் உள்ள உள்ளங்கால்களைக் கையில் ஏந்தி, எந்த இடத்தில் பாரம் விழுகிறது என்று தேடினார். செருப்புச் செய்வதைப் பற்றிக் கற்றுக்கொண்டார். இன்று சர்க்கரை நோயாளிகள் பலர் போடும் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்புக்குப் பின்னால் அவரும் அவரைப் போன்றவர்களும் தொழுநோயாளிகளுக்காகச் செய்த வேலை இருக்கிறது.

அவருடைய தாயார் ஈவ்லின் பிராண்டையும் சொல்லாமல் இருக்க முடியாது. கணவர் ஜெஸ்ஸி 1929இல் கொல்லிமலையிலேயே காய்ச்சலில் இறந்தார். எழுபதை நெருங்கும் வயதில் மிஷன் சங்கம் இனி ஓய்வெடுங்கள் என்றபோது, ஓய்வு பெற்றுக்கொண்டு சொந்தப் பொறுப்பில் மறுபடி மலையேறினார். முதுமையில் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். கடைசி இருபது வருஷம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். 1974இல், 95 வயதில் காலமானார். கன்வென்ஷன் பந்தலுக்கு முன்னால் ஊழியர்களின் முகங்களை ஆளுயர பேனராகக் கட்டியிருப்பதைக் காணும்போது அந்தக் கண்ணாடியில்லாத வீடு நினைவுக்கு வந்து வருந்துகிறேன். அந்த ஊழியர்களில் உண்மையானவர்கள் பலர் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களுக்காகவே சொல்கிறேன்.

பிராண்டின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, கை நிமிர்ந்த நோயாளி ஒருவர் திரும்பி வந்து சொன்ன குறை. இந்தக் கைகளைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை, தழும்பைப் பார்த்து யாரும் வேலையும் தருவதில்லை என்றார் அவர். புகழ் வரத் தொடங்கிய மருத்துவருக்கு இது கசப்பாக இருந்திருக்கலாம், நன்றிகெட்ட பேச்சாகக்கூடப் பட்டிருக்கலாம். பிராண்ட் அதைத் தம் சிகிச்சையில் உள்ள குறையாக எடுத்துக்கொண்டார். பிறகு கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்ற மறுவாழ்வு மையம் எழுந்தது. சில எளிய குடில்கள், ஒரு பட்டறை. வாலிபத்தில் மருத்துவம் வேண்டாமென்று கட்டட வேலையும் தச்சும் பழகிய சில வருஷங்கள் வீணாயினவே என்று அவர் நினைத்திருந்தார். அந்த வேலைதான் அங்கே கைகொடுத்தது. அறுவை சிகிச்சை முடிந்த பையன்களுக்கு மரப்பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்து, யாருடைய கையில் எந்த உளி காயப்படுத்துகிறது என்று பார்த்து, கைப்பிடிகளை மாற்றிக்கொண்டே இருந்தார்.