சாயும் சுவருக்கு வண்ணம் பூசாதீர்!



ரமளான் நெருங்கிவிட்டால் பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, முடிச்சூர்ப் பகுதிகளில் நம் சமுதாயத்தார் வாழும் பழைய வீடுகள் பலவற்றின் முகப்பில் புது வண்ணம் ஏறுகிறது. தெருவில் நின்று பார்ப்பவருக்கு வீடு புதிதாகவே தோன்றும். ஆனால் அதே வீட்டின் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று வேரோடியிருக்கும். சன்ஷேடின் அடியில் கம்பி துருவேறிக் காரை பெயர்ந்து தொங்கும். மாடிக் குழாய் உடைந்து அண்டை வீட்டுச் சுவரில் நீர் வழியும். இவற்றின் மீதேதான் வண்ணமும் பூசப்படுகிறது. இவ்வழக்கத்தை நாம் கண்டிக்கிறோம். இது அழகுபடுத்துதலன்று, பிறருக்கு நாம் செலுத்த வேண்டிய கடமையை வண்ணத்தால் மூடி மறைப்பது.

வீட்டின் உட்புறக் குறைகளை வீட்டார் பொறுத்துக்கொள்ளலாம். வெளிப்புறக் குறை அப்படிப்பட்டதன்று. பெயரும் காரை, அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் தலையில் விழும். வழியும் நீர் அண்டை வீட்டாரின் சுவரை ஓதமாக்கும். அவர் எம்மதத்தவராயினும் அண்டை வீட்டார் என்ற உரிமை அவருக்கு உண்டு. தீங்கு செய்தலும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்தலும் கூடாது என்பது நபி (ஸல்) அவர்கள் வகுத்தளித்த அடிப்படை. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதே ஈமானின் ஒரு கிளை எனில், பாதையின் மேல் தொங்கும் இடையூறை விட்டுவைப்பதை என்னவென்பது?

சூரத்துல் கஹ்ஃபில் ஹிள்ர் (அலை) அவர்கள் விழும் நிலையிலிருந்த ஒரு சுவரை நிமிர்த்திய வரலாற்றை ஒவ்வொரு வெள்ளியும் ஓதுகிறோம். உணவு தர மறுத்த ஊரில், கூலியும் பெறாமல் அச்சுவரைச் சரிசெய்தார்கள். அதன் அடியில் இரண்டு அநாதைச் சிறுவர்களின் புதையல் இருந்ததே காரணம். சுவரின் தோற்றத்துக்காக அன்று, அதனைச் சார்ந்திருந்த எளியோரின் உரிமைக்காகவே அப்பணி நடந்தது.

ஃபிக்ஹும் இதனைச் சிறு செய்தியாக விட்டுவிடவில்லை. ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானி எழுதிய ஹனஃபி சட்டநூலான ஹிதாயாவில், சாய்ந்த சுவர் பற்றித் தனிப் பகுதியே உண்டு. பொதுவழியை நோக்கிச் சாய்ந்த சுவரை அகற்றுமாறு சாட்சிகளோடு கோரப்பட்ட பின்னரும், அவகாசமிருந்தும் உரிமையாளர் அசட்டையாயிருந்து, அது விழுந்து உயிரோ பொருளோ சேதமானால் அவர் ஈடு செய்யும் பொறுப்புக்கு ஆளாவார். அதே பகுதி ஐவருக்குப் பொதுவான சுவரைப் பற்றியும் பேசுகிறது. அவர்களுள் ஒருவரிடம் மட்டும் கோரப்பட்டிருந்து, சுவர் விழுந்து ஓர் உயிர் போனால், அவர் பங்காக ஐந்தில் ஒரு பகுதி உயிரீட்டுக்குப் பொறுப்பு உண்டு என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தீர்ப்பு.

இன்றைய நம் வீடுகளுக்கு இத்தீர்ப்பு எத்துணைப் பொருத்தம்! வாப்பா கட்டிய வீடு, வாரிசுகள் ஐவர், இருவர் வளைகுடாவில், ஒருவர் வேறூரில். பாகம் பிரியாத வீட்டில் வயது முதிர்ந்த தாய் மட்டும் இருக்கிறார். "பாகம் பிரியட்டும், பிறகு பார்க்கலாம்" என்பதே எல்லோரின் மறுமொழி. பாகம் பிரியும் வரை மழை காத்திருக்குமா? சொத்தில் பங்கு கேட்பவர் பழுதிலும் தம் பங்கை ஏற்கட்டும்.

"கட்டடத்தில் செலவிடுவதற்கு நன்மையில்லை என்று ஹதீஸ் உள்ளதே" என்பார் சிலர். கப்பாப் (ரலி) அவர்கள் கூறியதாக புகாரியில் வரும் செய்தியைத்தான் அவர்கள் கருதுகிறார்கள். அதைக் கூறிய வேளையில் அன்னார் தம் சுவர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதும் அதே அறிவிப்பில் உண்டு! தேவைக்கு மிஞ்சிய கட்டடத்தையே அது குறிக்கும் என இமாம் இப்னு ஹஜர் விளக்கியுள்ளார்கள். அவ்வாறெனில் அந்த எச்சரிக்கை முகப்பு வண்ணத்துக்கே முதலில் பொருந்தும், பழுதுபார்ப்புக்கு அன்று.

வரிசை தெளிவானது. பிறர்மேல் விழக்கூடியவை முதலில், நீர் புகும் வழிகளும் நீர் வெளியேறும் வழிகளும் அடுத்து, பூச்சு அதன் பின், வண்ணம் கடைசியில். துருவேறிய கம்பி பன்மடங்கு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். அதன்மேல் வெறும் பட்டி பூசுவதால் பயனில்லை. தளர்ந்த காரையைத் தட்டி எடுத்து, துருவைச் சுரண்டிய பின்னரே புதுக்காரை இடவேண்டும். செங்கல் வரிசையில் படிப்படியாக இறங்கும் விரிசல் அடித்தளம் அசைந்ததன் அறிகுறியாகலாம்; அதைப் பொறியாளரிடம் காட்டுக. சுவர் சாய்ந்துள்ளதா என்பதைக் கொத்தனாரின் தூக்குக்குண்டே சொல்லிவிடும். சுண்ணாம்புக் காரையால் கட்டிய மிகப் பழைய சுவர்களுக்குச் சிமெண்ட் பூச்சு ஆகாது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரையே அரிக்கும். புதுப்பூச்சை ஏழு நாளேனும் நனைத்து, நான்கு வாரம் உலரவிட்டே வண்ணம் தொடுக.

காலமும் வரிசையும் ஒன்றோடொன்று இணைந்தவை. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகவே ரமளான் எல்லாப் பருவங்களிலும் சுற்றி வரும். 2004இல் அது அக்டோபர், நவம்பரில் வந்தது. வடகிழக்குப் பருவமழையோ ஐப்பசி, கார்த்திகையை விட்டு நகர்வதில்லை. இபாதத்துக்குப் பிறையைப் பார்ப்போம். கூரைக்கு மழையைப் பார்ப்போம். பெருநாளுக்கென்று கையிருப்பு முகப்பிலேயே கரைந்துவிட்டால், ஆவணியில் ஒழுகும் மாடியை அடைக்கப் பணம் ஏது? 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் அது ஏறத்தாழ 45,000 லிட்டர் நீர். அடைபட்ட ஒற்றைக் குழாய் அதைத் தாங்குமா? மழைக்காலத்திலேயே வீட்டைச் சுற்றிவந்து, ஒழுகும் இடங்களைக் குறித்து வையுங்கள். தை முதல் ஆனி வரை வேலை நடக்கட்டும். ஆவணிக்குள் தளமும் குழாயும், 2003 முதல் தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்த் தொட்டியும் தூய்மையாகட்டும்.

பணமில்லையே எனில், வட்டிக்கு வாங்கி ஒரே ஆண்டில் முடிக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. ஆபத்தானவற்றை இவ்வாண்டே அகற்றுக. பூச்சு அடுத்த ஆண்டு. வண்ணம் அதற்கடுத்த ஆண்டு. வண்ணமற்ற சுவர் இழிவன்று. வட்டியில் பூசிய சுவரே இழிவு. சாரத்தில் ஏறும் தொழிலாளரின் உயிரும் அமானத். கயிறும் கழியும் உறுதியானவை தாமா எனப் பார்த்து ஏற்றுங்கள்; வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

இப்பெருநாளில் உறவினர் வந்து, "வண்ணம் அடிக்கவில்லையா?" எனக் கேட்டால், "சன்ஷேடைச் சரிசெய்தோம்" என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். நம் கையாலும் நாவாலும் மட்டுமன்றி, நம் சுவராலும் பிறருக்குத் தீங்கு நேராத முஸ்லிம்களாக நம்மை வாழச் செய்ய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.