உள்ளே வந்து பாருங்க சார்!

ஒரு கட்டடத்தை எப்படிக் கொல்வது? இடித்துத் தள்ளுவது பழைய முறை. இப்போது நாகரிகமான முறை ஒன்று வந்திருக்கிறது. முன்பக்கச் சுவரை மட்டும் முட்டுக் கொடுத்து நிற்க வைத்துவிட்டு, உள்ளே இருக்கிற அத்தனையையும் வழித்து எடுத்துவிடுவார்கள். பழைய முகம், புது வயிறு. திறப்பு விழா அழைப்பிதழில் 'பாரம்பரியம் காக்கப்பட்டது' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுவார்கள். நாமும் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, 'பரவாயில்லையே' என்று நடையைக் கட்டிவிடுவோம்.

இந்த மோசடியைப் புரிந்துகொள்ள அரண்மனைக்கோ அருங்காட்சியகத்துக்கோ போக வேண்டாம். வாங்க, ஒரு மதுக்கடைக்குப் போவோம்.

முகம் சுளிக்காதீர்கள். 'பப்' என்றதும் நம் பத்திரிகைகளில் வருகிற மினுக்கு விளக்கும் டான்ஸும் ஞாபகத்துக்கு வந்தால், அதைக் கொஞ்சம் அழித்துவிடுங்கள். 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். பொது வீடு. வேலை முடித்து வருகிறவன் வீட்டுக்குப் போகிற வழியில் கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு கிளாஸ் பீரோடு ஊர் வம்பு பேசும் இடம்.

வட அயர்லாந்தின் தலைநகரம் பெல்ஃபாஸ்ட். அங்கே கிரேட் விக்டோரியா தெருவில் 'கிரவுன் லிக்கர் சலூன்' என்று ஒரு பப் இருக்கிறது. இன்று நாம் பார்க்கிற உருவத்தை அதற்கு 1885-ல் கொடுத்தவர் பேட்ரிக் ஃப்ளானிகன் என்ற முதலாளி. கிரவுன் என்றால் மகுடம். பிரிட்டிஷ் மகுடத்தை ஏற்பதா, எதிர்ப்பதா என்பதில்தான் அந்த ஊரே இரண்டாகக் கிடந்தது. ஃப்ளானிகன் வீட்டிலும் அதே சண்டையாம். மனைவி மகுடத்தின் பக்தை. கணவர் அயர்லாந்து தேசியவாதி. "சரிம்மா, பேரு உன் இஷ்டம். மகுடத்தை எங்கே பதிக்கிறதுங்கறது என் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, வாசல் தரையில் பதித்துவிட்டாராம். வருகிறவன் போகிறவன் எல்லாம் மிதிக்கட்டும் என்று!

கதை நிஜமோ இல்லையோ, தரையில் மொசைக் கல்லால் ஆன மகுடம் நிஜம். நீங்களும் அதை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

போய்ப் பாருங்கள். சுவரெல்லாம் வண்ண ஓடுகள். ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி. சிவப்பு கிரானைட் பதித்த நீளமான கவுன்ட்டர். மேலே கேஸ் விளக்குகள், இன்றைக்கும் எரிகின்றன. தேவாலய வேலைக்காக அயர்லாந்துக்கு வந்திருந்த இத்தாலியக் கைவினைஞர்களை, அந்த வேலை முடிந்த நேரத்தில் கூட்டிவந்து செய்யவைத்தார்கள் என்று சொல்வார்கள். பார்த்தால் நம்பத் தோன்றும்.

கவுன்ட்டருக்கு எதிரே மரத்தால் ஆன பத்து சின்ன அறைகள். 'ஸ்னக்' என்று பெயர். கதவுகளில் ஏ-யிலிருந்து ஜே வரை எழுத்துகள். தூண்களில் கேடயம் பிடித்த சிங்கம், கழுகுத்தலை மிருகம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே யாருக்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள். நாலு பேர் பார்க்கக் குடிக்கத் தயங்கியவர்களுக்காக, முக்கியமாகப் பெண்களுக்காக, உண்டான ஏற்பாடு இது. தீக்குச்சி உரச உலோகத் தகடு. சிப்பந்தியைக் கூப்பிட மணி.

இதில் எதையாவது ரோட்டில் நின்று பார்க்க முடியுமா? அந்த ஊரின் அரசியல், அந்தக் காலத்தின் வெட்கம், மரியாதை, போலித்தனம் எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன. வெளியே இருப்பது வெறும் விலாசம்!

இன்னொரு விஷயம். இந்த பப்புக்கு நேர் எதிரே இருப்பது யூரோப்பா ஹோட்டல். ஐரோப்பாவிலேயே அதிகமாகக் குண்டு வைக்கப்பட்ட ஹோட்டல் என்று பெயர் வாங்கியது. முப்பது தடவைக்கு மேல் குண்டு வெடித்திருக்கிறது. அங்கே வெடித்தபோதெல்லாம் இங்கே கண்ணாடி நொறுங்கியது. அந்தக் கலவர காலத்தின் நடுவில், 1978-ல் 'நேஷனல் டிரஸ்ட்' இந்த பப்பை வாங்கியது. பிரபுக்களின் மாளிகைகளையும் கோட்டைகளையும் பராமரிக்கிற அமைப்பு அது. வாங்கச் சொல்லி வற்புறுத்தியவர்களில் ஒருவர் ஜான் பெட்ஜமன், அப்போதைய அரசவைக் கவிஞர். 1981-ல் புதுப்பித்துத் திறந்தார்கள். பிறகும் குண்டு வெடித்தது, பிறகும் சரிசெய்தார்கள்.

அதைவிட முக்கியம், அதை மியூசியம் ஆக்கவில்லை. கயிறு கட்டி, 'தொடாதே' போர்டு மாட்டி, டிக்கெட் கிழிக்கவில்லை. இன்றைக்கும் அது பப்தான். நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவன் முழங்கை ஊன்றிய இடத்தில் நீங்களும் ஊன்றலாம்.

'அட, சாராயக் கடைதானே சார், அதுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே பதில்தான். ராஜா படுத்த கட்டிலைப் பாதுகாக்கலாம், தொழிலாளி உட்கார்ந்த பெஞ்சைப் பாதுகாக்கக் கூடாதா? குடி கெடுதல் என்பது தனி விவாதம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், போர் அதைவிடக் கெடுதல். கோட்டைகளை மட்டும் ஏன் காப்பாற்றி வைத்திருக்கிறோம்?

அடுத்த கேள்விதான் வலுவானது. அதைக் கேட்பவர் ரியல் எஸ்டேட்காரர். "லாபத்துக்காகக் கட்டினது சார் இது. அதையே லாபத்துக்காக இடிச்சா மட்டும் என்ன தப்பு?"

நான் பி.காம். படித்தவன். லாபம் என்ற சொல் எனக்குக் கெட்ட வார்த்தை இல்லை. அவர் சொல்வது உண்மையும்கூட. அந்த வண்ண ஓடும் மஹாகனி மரமும் கலை ஆர்வத்தால் வந்தவை அல்ல. புது லைசென்ஸ் கிடைப்பது குதிரைக்கொம்பானதால், இருக்கிற கடைகளின் விலை எகிறியது. மது ஆலைகள் போட்டி போட்டுக்கொண்டு கடன் கொடுத்தன. தெருவுக்குத் தெரு பப் இருந்ததால், பக்கத்துக் கடைக்காரனைவிடப் பளபளப்பாகக் காட்ட வேண்டிய கட்டாயம். லண்டனில் 1890-களின் கடைசியில் இந்த மோகம் உச்சத்துக்குப் போய், ஊதிய பலூன் படாரென்று வெடித்து, பலர் திவாலானார்கள். சுத்தமான வியாபாரம்தான்.

ஆனால், ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அன்றைக்கு லாபம் வர வேண்டுமென்றால், ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கிற கூலியாளை உள்ளே அழைத்து, அவனுக்குப் பளிங்கும் கண்ணாடியும் காட்ட வேண்டியிருந்தது. இன்றைக்கு அதே இடத்தில் லாபம் வர வேண்டுமென்றால், அவனை வெளியே தள்ளிவிட்டு அடுக்குமாடி கட்ட வேண்டியிருக்கிறது. இரண்டும் லாபம்தான். இரண்டும் ஒன்றா?

கணக்குப் பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விலை உண்டு. பப்பின் நற்பெயரை உண்டாக்கியது முதலாளி மட்டுமா? மூன்று தலைமுறையாக வந்து உட்கார்ந்தவர்கள் இல்லையா? மனையை விற்கும்போது அவர்கள் பங்கு எந்தப் பக்கத்தில் வரவு வைக்கப்படுகிறது? எந்தப் பக்கத்திலும் இல்லை!

இடிப்பதற்கு முன்பே இன்னொரு கொலை நடந்தது. பப்களின் உள்தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். கவுன்ட்டரிலிருந்து எல்லோரும் கண்ணில் பட வேண்டும் என்றார்கள் லைசென்ஸ் கொடுக்கும் மாஜிஸ்திரேட்டுகள். தடுப்பை எடுத்தால் இன்னும் பத்துப் பேரை நிறுத்தலாம் என்றார்கள் முதலாளிகள். விளைவு? 'காம்ரா' என்ற பீர் பிரியர்களின் இயக்கம், 1971-ல் ஆரம்பித்தது, உட்புறம் சிதையாத பப்கள் எத்தனை என்று தேடிப் பார்த்தது. பிரிட்டனின் பல்லாயிரம் பப்களில் தேசிய முக்கியத்துவம் உள்ளவையாகத் தேறியவை சுமார் 300-தான். பழைய முகப்பு எங்கு திரும்பினாலும் கிடைக்கும். பழைய வயிறுதான் அபூர்வம்.

போனது போனதுதானா? லண்டன் ஹோல்பர்னில் 'பிரின்சஸ் லூயிஸ்' என்று ஒரு பப். உட்புறம் 1891-ல் அமைத்தது. நடுவில் தடுப்புகளை எடுத்துவிட்டிருந்தார்கள். இப்போதைய மது ஆலை முதலாளிகள் 2007-08-ல் செலவு செய்து, மரத் தடுப்புகளையும் கண்ணாடிகளையும் பழையபடியே திரும்ப வைத்தார்கள். எல்லோரும் கூட்டத்தைப் பெருக்கத் தடுப்பை எடுத்தபோது, இவர்கள் தடுப்பை வைத்தே கூட்டத்தை வரவழைத்தார்கள்.

எல்லா முதலாளிக்கும் அந்த புத்தி வருமா? வராது. அதற்குத்தான் சட்டம். லண்டனில் 'கார்ல்டன் டேவர்ன்' என்று 1921-ல் கட்டிய பப். அடுக்குமாடி கட்ட அனுமதி கேட்டார்கள், மாநகராட்சி மறுத்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிப்பு வரச் சில நாட்கள்தான் இருந்தன. 2015 ஏப்ரலில் முதலாளிகள் புல்டோசரை விட்டார்கள். அனுமதி இல்லை, ஒன்றும் இல்லை.

வழக்கமாக என்ன நடக்கும்? அபராதம் கட்டுவார்கள், அதையும் ஃப்ளாட் விலையில் சேர்த்துவிடுவார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் மாநகராட்சி அந்தக் கணக்குக்கு இடம் கொடுக்கவில்லை. 'இடிப்பதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கட்டு' என்று உத்தரவு போட்டது. மேல்முறையீட்டிலும், 2016-ல், அதே தீர்ப்பு. அக்கம்பக்கத்து ஜனங்கள் விடாமல் துரத்தினார்கள். 2021 ஏப்ரலில் கார்ல்டன் டேவர்ன் மறுபடி திறந்தது. இடித்தவன் கையாலேயே கட்ட வைப்பதைவிட நல்ல தண்டனை உண்டா?

ஆனாலும் பாடம் எல்லோருக்கும் ஏறவில்லை. 2023 ஆகஸ்ட் 5-ம் தேதி ஸ்டாஃபர்ட்ஷயரில், சாய்ந்து நிற்பதற்கே பேர்போன 'க்ரூக்கட் ஹவுஸ்' பப்பில் தீப்பிடித்தது. ஏழாம் தேதி புல்டோசர் வந்து மிச்சத்தையும் தரைமட்டமாக்கிவிட்டது. அது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இல்லை. திரும்பக் கட்டச் சொல்லி 2024 பிப்ரவரியில் நோட்டீஸ் போனது. உரிமையாளர்கள் அப்பீலுக்குப் போனார்கள். பட்டியலில் சேர்க்கத் தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் புல்டோசருக்குக் கொடுக்கிற வாய்தா.

கோபப்பட்டால் மட்டும் போதாது, பணமும் போட வேண்டும் என்று காட்டியவர்களும் உண்டு. தென்கிழக்கு லண்டனில் 'ஐவி ஹவுஸ்' பப்பை 2012-ல் மூடினார்கள். 1930-களின் மரவேலைப்பாடு குலையாத உட்புறம். 2011-ல் வந்த ஒரு சட்டப்படி, ஊருக்குப் பயன்படுகிற சொத்து என்று ஓர் இடத்தைப் பதிவு செய்துவிட்டால், விற்பனையை ஆறு மாதம் தள்ளிவைத்து ஊர்க்காரர்களே வாங்க முயற்சி செய்யலாம். செய்தார்கள். கடன் வாங்கினார்கள், பங்கு விற்றார்கள். 371 பேர் பங்குதாரர்கள் ஆனார்கள். 2013-ல் பப் அவர்கள் கைக்கு வந்தது. நற்பெயரை உண்டாக்கியவர்களே முதலாளி. இதைவிட ஒழுங்கான கணக்கை எந்த ஆடிட்டரும் எழுத முடியாது.

ஆகவே, அடுத்த தடவை யாராவது, "முகப்பை அப்படியே வெச்சிருக்கோம் சார்" என்று பெருமையாகச் சொன்னால், தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். கதவைத் தள்ளுங்கள். உள்ளே போங்கள். நேற்றுவரை அங்கே உட்கார்ந்தவர்கள் இன்றைக்கும் உட்கார முடிகிறதா என்று பாருங்கள்.

முடியவில்லை என்றால், அவர் காப்பாற்றியது கட்டடத்தை அல்ல. தோலை உரித்து, வைக்கோல் அடைத்து வைத்திருக்கிறார்!