பாங்காக் பயணம்: எல்லாவற்றையும் ஃபோனில் வைக்காதீர்கள்

பாங்காக் செல்லத் திட்டமிடும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "என்னென்ன அப்ளிகேஷன்களை இன்ஸ்டால் செய்ய வேண்டும்?" என்பதுதான். கிராப், கூகுள் மேப்ஸ், கூகுள் டிரான்ஸ்லேட் என்று நானும் சொல்வேன். ஆனால் அதற்கு முன் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு மணி நேரம் உட்காருங்கள் என்பதே என் யோசனை. கூடவே ஒரு பிரிண்டரும் வேண்டும்.

காரணம் இதுதான். விமான டிக்கெட், ஹோட்டல் புக்கிங், மேப், வங்கிக் கணக்கு, ஓ.டி.பி. என அனைத்தும் இன்று ஒரே ஃபோனில் இருக்கின்றன. அந்த ஃபோன் தொலைந்தாலோ பழுதானாலோ எல்லாமே ஒரே நேரத்தில் போய்விடும்.

"எல்லாம் மெயிலில் இருக்கிறதே, உடன் வருபவரின் ஃபோனில் திறந்துகொள்ளலாமே" என்று சிலர் வாதிடுவார்கள். பாஸ்வேர்டைச் சரியாகக் கொடுத்தாலும், புதிய நாடு, புதிய சாதனம் என்பதால் உறுதி செய்யும் செய்தியை கூகுள் உங்கள் ஃபோனுக்கே அனுப்பக்கூடும். அந்த ஃபோன்தானே தொலைந்திருக்கிறது? இதற்கான வழியையும் கூகுளே தந்திருக்கிறது. உங்கள் அக்கவுண்ட்டின் செக்யூரிட்டி பகுதியில், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் பிரிவில் "பேக்கப் கோட்ஸ்" என்று இருக்கும். அதில் 8 இலக்கம் கொண்ட 10 எண்கள் கிடைக்கும். ஓர் எண்ணை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். இவற்றை பிரிண்ட் எடுத்து, பாஸ்போர்ட்டுடன் அல்லாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நுழைவுப் படிவம். 2025 மே 1 முதல் தாய்லாந்து செல்லும் வெளிநாட்டவர் காகிதப் படிவத்துக்குப் பதில் டிஜிட்டல் அரைவல் கார்டை இண்டர்நெட்டில் நிரப்ப வேண்டும். அங்கு சென்று சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும். கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் தேடுதளங்களில் விளம்பரமாக மேலே வரும் சில தனியார் தளங்கள் இதற்குப் பணம் கேட்கின்றன. பணம் போவதைவிட, உங்கள் பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் யாரோ ஒருவரிடம் சேர்வதுதான் பெரிய ஆபத்து. நம் அரசுத் தளங்களின் முகவரி "ஜி.ஓ.வி" புள்ளி "ஐ.என்" என முடிவது போல, தாய்லாந்து அரசுத் தளங்களின் முகவரி "ஜி.ஓ" புள்ளி "டி.எச்" என முடியும். இந்த முகவரி சின்ன ஃபோன் திரையில் பாதி மறைந்துவிடலாம். கம்ப்யூட்டரில் முழுவதும் தெரியும். படிவத்தை நிரப்பியதும் கிடைக்கும் கியூ.ஆர். கோடையும் பிரிண்ட் எடுங்கள்.

பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள் உண்டு. 2006-ல் திறக்கப்பட்ட சுவர்ணபூமி நகரின் கிழக்கே இருக்கிறது. பழைய டான் முவாங் வடக்கே. டிக்கெட்டில் பி.கே.கே. என்றிருந்தால் முதலாவது. டி.எம்.கே. என்றிருந்தால், நம் ஊர்க் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள், அது டான் முவாங். போகும் நிலையமும் திரும்பும் நிலையமும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முகவரிகளைத் தாய் எழுத்தில் பிரிண்ட் எடுப்பதும் அவசியம். சீலோம் சாலையில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாய் மக்கள் அதை "வாட் கேக்" என்பார்கள். டாக்ஸிக்காரரிடம் மாரியம்மன் கோயில் என்றால் அவர் விழிக்கலாம். தாளை நீட்டினால் வேலை முடிந்தது. ஹோட்டல் முகவரிக்கும் இதையே செய்யுங்கள்.

பணத்துக்கு வருவோம். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டுமே இயங்கும் நிலையில் வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்கள்தான் நெட்பேங்கிங்கில் இயக்க வேண்டும். அங்கே ஏ.டி.எம். "ரூபாயில் கணக்கிடட்டுமா?" என்று கேட்டால் மறுத்து, பாட் என்பதையே தேர்வு செய்யுங்கள். ரூபாய்க்கு அது தரும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நட்டம்தான். டேட்டாவுக்கு உள்ளூர் சிம் வாங்கினாலும் இந்திய சிம்மைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்; வங்கி ஓ.டி.பி. அதில்தான் வரும். புறப்படும் முன்பே அதற்கு ரோமிங் வசதியை இயக்கிவிடுங்கள்.

ஃபோன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிராப்பில் ஏறும் முன்பே கட்டணம் தெரிகிறது. டிரான்ஸ்லேட் கேமரா ஹோட்டல் மெனுவைப் படித்துச் சொல்கிறது. தாய் மொழிக்கான ஆஃப்லைன் ஃபைலையும், நகரின் ஆஃப்லைன் மேப்பையும் வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். ஆனால் ரயில், பஸ் வழிகள் ஆஃப்லைன் மேப்பில் வராது என்பதால், பி.டி.எஸ்., எம்.ஆர்.டி. ரயில் வரைபடத்தையும் ஒரு தாளில் எடுத்து வையுங்கள்.

மொத்தம் ஐந்தாறு தாள்கள்தான். ஃபோன் ஒழுங்காக இருந்தால் அவை மடிப்புக் கலையாமல் வீடு திரும்பும். குறிப்பாக வயதான பெற்றோரைத் தனியாக அனுப்புபவர்கள், சூட்கேஸை மூடும் முன் இன்னொரு செட் எடுத்து அவர்கள் கைப்பையில் வைத்துவிடுங்கள்.