தோல் பெல்ட்டுக்கு எண்ணெய் போடும் முன்

ஓய்வுபெற்ற காவலர் வீட்டு அலமாரியிலோ முன்னாள் ராணுவ வீரர் வீட்டுப் பரணிலோ கிடக்கும் பழைய தோல் பெல்ட்டை எடுத்துப் பார்த்தால், பித்தளைக் கொக்கியைச் சுற்றிப் பச்சையாக ஏதோ மெழுகு போல அப்பியிருக்கும். களிம்பு ஏறிவிட்டது என்று அதைச் சுரண்டி எறிவார்கள். தோலும் காய்ந்து போயிருக்கிறதே என்று கை நிறையத் தேங்காய் எண்ணெய் எடுத்துத் தேய்ப்பார்கள். அடுத்த மழைக்காலத்தில் களிம்பு இன்னும் கூடுதலாக வந்து நிற்கும். அதை வளர்த்ததே அந்த எண்ணெய்தான். எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் பித்தளையிலுள்ள தாமிரத்தோடு வினைபுரிவதால் உண்டாவதுதான் அந்தப் பச்சை.

இந்தத் தொல்லையைப் படைகள் வெகுகாலத்துக்கு முன்பே அனுபவித்துவிட்டன. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சிப்பாய்கள் தோல் பெல்ட்டில் செருகி வைத்த தோட்டாக்களில் இதே களிம்பு படிந்தது. துப்பாக்கிக்குள் தோட்டா சிக்கிக்கொண்டது. ஆன்சன் மில்ஸ் என்ற படை அதிகாரி துணியில் நெய்த தோட்டா பெல்ட்டுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். பிரிட்டிஷ் தரைப்படை 1903-இல் கொண்டுவந்த தோல் வார்கள் நனைந்தால் நீண்டு தொங்கின. 1908-இல் அந்தப் படையும் பருத்தி வாருக்குப் போய்விட்டது. அதிகாரிகளின் இடுப்பில் மட்டும் தோல் நிலைத்தது. 1858-இல் வட இந்தியச் சண்டையில் இடக்கையை இழந்த பிரிட்டிஷ் அதிகாரி சாமுவேல் பிரவுன், வாளுறை ஆடாமல் இருக்கத் தோளின் குறுக்கே ஒரு வாரைச் சேர்த்துக்கொண்டார். அவர் பெயரைத் தாங்கிய பெல்ட் இன்றும் இந்தியக் காவல்துறை அதிகாரிகளின் அணிவகுப்பு உடையில் இருக்கிறது.

தோல் பொருளைப் பராமரிப்பது என்றாலே எண்ணெய் போடுவதுதான் என்ற எண்ணத்தை முதலில் விட்டாக வேண்டும். பதனிடும் தொட்டியிலிருந்து வந்த தோலுக்குத் தேவையான எண்ணெயைத் தொழிற்சாலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். தோலின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈரம் உண்டு. கோடை வெயிலிலும் கார் கண்ணாடிக்குப் பின்னாலும் முதலில் வெளியேறுவது அந்த ஈரம். காய்ந்ததாகத் தெரியும் தோல் பல நேரம் கேட்பது எண்ணெயை அல்ல, நிழலை.

எந்தத் தோல் என்பதும் முக்கியம். மரப்பட்டையில் ஊறிப் பதப்பட்ட தோல் ஒன்று, குரோமிய உப்பில் பதப்பட்டது இன்னொன்று. குரோம் லெதர் கம்பெனியின் பெயரையே ஊர்ப் பெயராகச் சுமக்கும் குரோம்பேட்டைக்காரர்களில் கூட இந்த வேறுபாடு எத்தனை பேருக்குத் தெரியும்? வெட்டிய ஓரத்தில் நீலமோ சாம்பலோ தெரிந்தால் பெரும்பாலும் அது குரோம். சாயமும் பூச்சும் இல்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் கறுத்தால் பெரும்பாலும் பட்டைத் தோல். நனைந்த பட்டைத் தோல் கொதிநீரின் சூட்டை எட்டும் முன்பே சுருங்கி, காய்ந்தபின் கட்டைபோல இறுகிவிடும். அடுப்புக்கு அருகே பெல்ட்டை உலர்த்துகிறவர்கள் அதை மீட்க முடியாதபடி கெடுக்கிறார்கள்.

கைத்துப்பாக்கியின் தோல் உறை பெரும்பாலும் பட்டைத் தோலில்தான் தைக்கப்படுகிறது. ஈரத் தோலைத் துப்பாக்கியின் வடிவத்துக்கு அழுத்தி, அப்படியே காயவிடுகிறார்கள். அந்த இறுக்கம்தான் ஓடினாலும் குனிந்தாலும் ஆயுதம் நழுவாமல் பிடிக்கிறது. எண்ணெயில் ஊறவைத்தால் நார்கள் தளர்ந்து உறை தொளதொளத்துப் போகும். இன்னொரு தவறு, உறைக்குள்ளேயே ஆயுதத்தை மாதக்கணக்கில் வைத்துவிடுவது. பட்டைத் தோலுக்கு இயல்பாகவே அமிலத் தன்மை உண்டு. காற்றின் ஈரத்தையும் அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? உறை ஒரு பக்கம், ஆயுதம் ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பதே முறை. இது விதிமுறையாகவே எழுதப்பட வேண்டிய விஷயம்.

பட்டைத் தோலின் கதையில் தமிழகத்துக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. ஆவாரம் பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடித்த ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குக் கப்பல் கப்பலாகப் போயின. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு இந்தச் சென்னைத் தோலையே தேடி வாங்கினார்கள். ஆனால் லண்டன் நூலகங்களில் வேறொரு புகார் எழுந்தது. புத்தக அட்டைத் தோல் சில பத்தாண்டுகளிலேயே செந்தூளாக உதிர்ந்தது. 1900-இல் அங்குள்ள கலைச் சங்கம் ஒரு குழுவை அமைத்தது. 1905-இல் வெளியான அதன் இறுதி அறிக்கை, புத்தக அட்டைக்குக் கிழக்கிந்திய ஆட்டுத் தோல் மிக மோசம் என்றது. சுமாக் இலையில் பதனிட்ட தோலையே பரிந்துரைத்தது. விளக்குக்கு எரித்த வாயுவின் புகை, நிலக்கரிப் புகையின் கந்தகம், வெளிச்சம் எல்லாம் சேர்ந்து பட்டையின் துவர்ப்புப் பொருளைச் சிதைத்ததுதான் அந்த நோய். நம் பதனிடுபவர்களின் கைத்திறனில் குறையில்லை. ஆவாரம் வெயிலில் சிவக்கும் என்று தெரிந்துதான் அவர்கள் கடைசியில் கடுக்காய் சேர்த்தார்கள். பூட்ஸுக்கு நல்ல தோல் புத்தகத்துக்கு நல்லதாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

அப்படி உதிரத் தொடங்கிய தோலை எந்த எண்ணெயும் திருப்பிக் கொண்டுவராது. ஆட்டுரோமக் கொழுப்பும் தேன்மெழுகும் தேவதாரு எண்ணெயும் கலந்த பூச்சை அருங்காட்சியகங்கள் ஒரு காலத்தில் வழக்கமாகத் தடவின. இப்போது பெரும்பாலும் அந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டன. மிகுந்த கொழுப்பு தூசியைப் பிடிக்கிறது, நிறத்தைக் கறுக்கச் செய்கிறது, குளிரில் வெள்ளைப் பொடியாக மேலே பூக்கிறது. அதைப் பூஞ்சை என்று எண்ணி மீண்டும் எண்ணெய் பூசுகிறவர்களும் உண்டு.

உண்மையான பூஞ்சைக்குக் காரணம் ஈரக் காற்று. காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் அது முளைக்கும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஐப்பசி, கார்த்திகையில் அதற்குக் குறைவாக இருக்கும் நாள்கள் அரிது. ஆகவே பிளாஸ்டிக் பையில் கட்டிப் பீரோவுக்குள் திணிப்பதைப்போலக் கேடு வேறில்லை. பருத்தித் துணியில் சுற்றி, சுவரைத் தொடாமல், காற்றோட்டத்தில் வைக்க வேண்டும். உலர்ந்த துணியால் அடிக்கடி துடைப்பது, கொக்கியைத் தனியே சுத்தம் செய்வது, வருடத்தில் ஓரிரு முறை மெழுகு கலந்த கிரீமை மிகக் கொஞ்சமாகத் தேய்ப்பது: பயன்பாட்டில் உள்ள பெல்ட்டுக்கும் துப்பாக்கி வாருக்கும் பெரும்பாலும் இவ்வளவு போதும். பளபளப்புக்காக நாள்தோறும் பாலிஷ் ஏற்றினால், மடியும் இடத்தில் அந்த மெழுகு அடுக்கு வெடிக்கும்.

இத்தனையும் ரகசியமல்ல. 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை அடையாற்றில் இருக்கிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் உலகுக்கே தோல் அனுப்புகின்றன. இருந்தும் கடையில் வாங்கும் ஒரு பெல்ட்டில் அது பட்டைத் தோலா குரோம் தோலா என்று தமிழில் அச்சிட்ட சீட்டைக் காண்பது அரிது. துணிச் சட்டையில் எந்தச் சூட்டில் துவைக்கலாம் என்று தைத்து அனுப்பும்போது, பத்திருபது ஆண்டு உழைக்க வேண்டிய தோலுக்கு ஒரு வரி எழுத முடியாதா? அரசு பெல்ட்டும் பூட்ஸும் கொள்முதல் செய்யும் ஒப்பந்தங்களில் பதனிட்ட முறையையும் பராமரிப்புக் குறிப்பையும் கட்டாயமாக்கலாம். பயிற்சிப் பள்ளியில் பாலிஷ் போடக் கற்றுக்கொடுக்கும் அதே நாளில், எப்போது போடக் கூடாது என்பதையும் கற்றுக்கொடுக்கலாம்.

விரலில் செந்தூள் ஒட்டும் அளவுக்குப் போன பெல்ட்டை மட்டும் வீட்டில் எதுவும் செய்ய வேண்டாம். வளைக்காமல், அமிலமில்லாத காகிதத்தில் வைத்து, பழம்பொருள் பாதுகாப்புப் பணி தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். செல்லுலோஸிலிருந்து எடுத்த பசையால் நார்களைப் பிணைத்து நிறுத்தும் வழி அவர்களிடம் இருக்கிறது.