ஆறியதும் மறையும் பழுது

மலையகத்தில் ஒரு லொறியோ பஸ்ஸோ பள்ளத்தில் சரிந்தால் ‘பிரேக் பெயில்’ என்ற பேச்சு உடனே கிளம்பிவிடும். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பாடசாலைச் சுற்றுலா பஸ் வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி 7 பேர் உயிரிழந்தபோதும் அந்தப் பேச்சு எழுந்தது. அதைச் சொன்னதோடு காரணம் தெரிந்துவிட்டதாக நினைக்கிறோம். ஆனால், பிரேக் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் சாவதில்லை. ஒருநாள் பிடிக்கும், ஒருநாள் வழுக்கும். இரண்டு முறை மிதித்தால்தான் நிற்கும். இப்படி நம்பகம் இழந்த பிரேக்கோடு ஓடும் பழைய லொறிகளை நாம் சோதிக்கும் முறையே தவறானது.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு வரும் லொறி 1,300 மீற்றருக்கு மேல் இறங்குகிறது. பத்துத் தொன் எடை ஆயிரம் மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, சுமார் 300 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். சிறிய கியரில் எஞ்சின் இழுத்துப் பிடிக்காவிட்டால் அந்தச் சூட்டில் பெரும்பங்கு டிரம்களில்தான் இறங்கும். சூடேறிய லைனர் பிடிப்பை இழக்கும். டிரம் விரிந்து பிரேக் சூவை விட்டு விலகும். இவற்றைவிட மோசமானது பிரேக் ஒயில் கொதிப்பது. டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கையில் 205 பாகைக்குக் குறையாமல் தாங்க வேண்டும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய ஒயிலுக்கான அளவுகோல் வெறும் 140 பாகை. மழையும் பனிமூட்டமும் ஓயாத இந்த மலைகளில், ஆண்டுக்கணக்கில் மாற்றாத ஒயில் எந்த நிலையில் இருக்கும்? கொதித்த ஒயிலில் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். பெடல் அடிவரை போகும். அழுத்தம் சில்லுக்குப் போய்ச் சேராது.

அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் ஆவி அடங்கும், டிரம் சுருங்கும், பெடல் மேலே வந்துவிடும். அந்த லொறியைக் கராஜின் சமதரையில் மிதித்துப் பார்க்கும் பாஸ் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்வார். அவர் சொல்வது அந்த நேரத்துக்கு உண்மை. இறக்கத்தின் அடியில் சூட்டோடு சோதிக்க வேண்டிய பழுது இது. மற்றப் பழுதுகளுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. காலை அழுத்தியபடி வைத்திருக்கையில், வெளியே கசிவில்லாமலே பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் உள்வாஷரைச் சந்தேகிக்க வேண்டும். பஞ்சுபோல் அமுங்கினால் லைனில் காற்று. ஒரு பக்கம் இழுத்தால், எதிர்ப்பக்கச் சில்லின் சிலிண்டர் கசிந்து லைனர் நனைந்திருக்கலாம். எஞ்சினை நிறுத்திப் பல தடவை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்கையில் பெடல் சற்று இறங்காவிட்டால் பூஸ்டரைப் பார்க்க வேண்டும்.

சாரதிதான் குற்றவாளி, நியூட்ரலில் இறக்குகிறார் என்பார்கள். அந்தப் பழக்கம் உயிரைக் குடிப்பது. அதற்கு மன்னிப்புக் கிடையாது. ஆனால் நேற்றே பிரேக் வழுக்கியது என்று சொன்ன சாரதியிடம் ‘இன்றைக்கு மட்டும் கொழுந்தை இறக்கிவிட்டு வா’ என்பவருக்கும் அந்தக் குற்றத்தில் பங்குண்டு. பழைய லொறிகளை ஒழித்துவிடலாமே என்பது இன்னொரு வாதம். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை நாடு சில ஆண்டுகள் கழித்தே மீண்டும் திறந்தது. பழையதை வைத்தே ஓட்டும் நிலை உடனே மாறாது. வயதை மட்டும் குற்றம் சொல்வதும் சரியல்ல. பழைய டிரம் பிரேக்கில் ஒயில், வாஷர், ஹோஸ், லைனர் எல்லாம் கழற்றி மாற்றக்கூடியவை. உதிரிப்பாக விலை ஏறியிருப்பது மெய்தான். என்றாலும் ஒயிலும் வாஷரும் லொறியின் மலிவான பாகங்களில் சேர்பவை. அவற்றுக்கே பணமில்லை என்பவர் அந்த லொறியில் ஆள் ஏற்றக் கூடாது.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் மலைமாவட்டப் பாரவாகனங்களின் தகுதிச் சான்றிதழுக்கு, இறக்கத்தில் ஓட்டிய பின் சூட்டோடு செய்யும் பிரேக் சோதனையையும் ஒயில் மாற்றிய திகதியையும் கட்டாயமாக்க வேண்டும். தோட்டத் துரைமார் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லொறியில் ஒரு கொப்பி வையுங்கள். பெடல் எங்கே, எப்போது, எப்படி இறங்கியது என்று சாரதி எழுதட்டும். அந்தப் பழுது சரிசெய்யப்படும் வரை லொறி வாசலைத் தாண்ட வேண்டாம்.