மாத்திரைக்குள் மறையும் வயிற்றுப்புண்

"எனக்கு அல்சர் இருக்கிறது" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல். எந்தப் பரிசோதனையில் அது தெரிந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இராது. மேல்வயிறு எரிந்தால் மருந்துக்கடையில் அமிலம் குறைக்கும் மாத்திரையை நாமே கேட்டு வாங்கிக்கொள்கிறோம். எரிச்சல் அடங்குகிறது. ரமளான் வந்தால் ஸஹரில் ஒன்று, இஃப்தாருக்குப் பின் ஒன்று. இப்படியே ஆண்டுகள் கழிகின்றன. காரணம் அறியாமல் வலியை மட்டும் அடக்கிவைக்கும் இந்தப் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

காரமும் கவலையும் நேரம் தவறிய உணவுமே வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என்று நெடுங்காலம் மருத்துவ உலகமும் நம்பியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பணியாற்றிய ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் அந்நம்பிக்கையை மாற்றினார்கள். இரைப்பைச் சவ்வில் வாழும் ஒரு பாக்டீரியாவை 1982ஆம் ஆண்டு அவர்கள் ஆய்வகத்தில் வளர்த்தெடுத்தனர். பலர் ஏற்கத் தயங்கியபோது, 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்தார். சில நாள்களில் அவருக்கு இரைப்பை அழற்சி உண்டானது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி.

இரைப்பையின் கடும் அமிலத்தில் இக்கிருமி எவ்வாறு உயிர் வாழ்கிறது? யூரியேஸ் என்னும் நொதியால் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொள்கிறது. பின்னர் சளிப்படலத்துக்குள் புகுந்து ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் இது இருப்பதாக மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. அவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. எனினும், நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு வாழ்நாளில் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் வருகிறது. மிகச் சிலருக்கு அது இரைப்பைப் புற்றுநோய் வரை செல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஆகவே அஞ்சி நடுங்கவும் வேண்டியதில்லை. அலட்சியம் செய்யவும் இயலாது.

கிருமி இருக்கிறதா என்று அறிவது எளிது. மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி ஆகிய வழிகள் உள்ளன. அமிலக் குறைப்பு மாத்திரைகளை விழுங்கிக்கொண்டே பரிசோதனைக்குச் சென்றால், கிருமி இருந்தும் இல்லை என முடிவு வரக்கூடும். பொதுவாக இரண்டு வாரங்களுக்கு முன்பே, மருத்துவரின் ஆலோசனைப்படி, அவற்றை நிறுத்தியாக வேண்டும். மூட்டுவலிக்காக நம் பெரியவர்கள் நாள்தோறும் உட்கொள்ளும் வலிநிவாரணி மாத்திரைகளும் வயிற்றுப்புண்ணுக்கு மற்றொரு பெருங்காரணம். அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சிகிச்சை பெரும்பாலும் 14 நாள்கள். அமிலக் குறைப்பு மாத்திரையுடன் இரண்டு ஆன்டிபயாடிக் மருந்துகளேனும் சேர்த்துத் தரப்படும். நான்காம் நாளில் வலி நின்றதும் மருந்தை நிறுத்திவிடுவதே நம்மில் பலர் செய்யும் தவறு. எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிடலாம். மருந்து முடிந்து நான்கு வாரங்களேனும் கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மீண்டும் சோதிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

நோன்புக் காலத்தில் இது வருமானால் என்ன செய்வது? சில மருந்துத் தொகுப்புகள் நாளுக்கு இருமுறை மட்டுமே. ஸஹருக்கும் இஃப்தாருக்கும் அவை பொருந்தலாம். நாளுக்கு நான்குமுறை உட்கொள்ள வேண்டியவை பொருந்தா. அவசரமில்லையெனில் ரமளானுக்கு முன்போ பின்போ சிகிச்சையை அமைத்துக்கொள்ளலாம். ஆனால் புண்ணிலிருந்து இரத்தம் கசியும் ஒருவர், "நோன்பு முடியட்டும்" என்று காத்திருப்பது பேணுதல் ஆகாது. நோயாளி வேறு நாள்களில் நோற்றுக்கொள்ளச் சலுகை தந்தவன் அல்லாஹ். அவன் தந்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகளார் (ஸல்) ஏவியிருப்பதையும் நாம் அறிவோம்.

இக்கிருமி பெரும்பாலும் சிறுவயதில், குடும்பத்தினரிடமிருந்தே பரவுகிறது. வாயிலிருந்து வாய்க்கும், அசுத்தமான நீர், கழுவாத கைகள் வாயிலாகவும் அது பரவுவதாகக் கருதப்படுகிறது. பெரியவர்கள் மென்ற உணவைக் குழந்தைக்கு ஊட்டுவதும் ஒரு வழியாக ஆய்வுகளில் சுட்டப்பட்டுள்ளது. பிறந்த குழந்தைக்குத் தஹ்னீக் செய்யும் வீடுகள் இதை எண்ணிப் பார்க்கட்டும். கிருமி இருப்பது தெரிந்தவர் அப்பணியை வேறொருவரிடம் விடலாம்; பேரீச்சம்பழத்தை மெல்லாமல், சுத்தமான கையால் குழைத்துத் தடவலாமா என ஆலிம்களிடம் கேட்டறியலாம். ஒரே சஹனில் அமர்ந்து உண்ணும் நம் அன்பான வழக்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அமருமுன் அனைவரும் சோப்பிட்டுக் கைகழுவுவோம் என்றே சொல்கிறோம்.

மலம் கருத்துப் போதல், இரத்த வாந்தி, காரணமின்றி எடை குறைதல், விழுங்குவதில் சிரமம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மருந்துக்கடை வாசலில் நிற்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குடும்பத்துக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டுத் தம் வயிற்றெரிச்சலை வெளியே சொல்லாத தாய்மார்கள் நம் வீடுகளில் பலர். இந்த வாரம் அவர்களிடம், "எத்தனை நாளாக இந்த மாத்திரை போடுகிறீர்கள், உம்மா?" என்று ஒருமுறை கேட்போம். பதில் மாதக்கணக்கில் வந்தால், அவர்களைக் கையோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம், இன்ஷா அல்லாஹ்.