காய்ச்சலுக்குப் பின் வரும் பிதற்றல்



நேற்றுவரை அமைதியாயிருந்த ஒரு சகோதரன் இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பின் பிதற்றுகிறான். இல்லாத நாற்றத்தை முகருகிறான். மனைவியை அறியாதவன்போல் அவள்மேல் சீறுகிறான். சொந்த ஊரைவிட்டு மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் நம் குடும்பங்களில், இப்படிப்பட்ட இராத்திரியில் முதலாவது அழைக்கப்படுகிறவர் போதகரே. அசுத்த ஆவி என்று எண்ணி, அவனை மூன்று நாள் உபவாச ஜெபத்தில் உட்காரவைப்பதும் நம் நடுவே உண்டு.

அந்த மூன்று நாட்களில் அவன் மரித்துப்போகவுங்கூடும். ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்றொரு வைரஸ் உண்டு. உதட்டோரத்தில் கொப்புளங்களை உண்டாக்குவது அதுவே. (பெயரைக் கேட்டு முகம் சுளிக்கவேண்டாம், பெரும்பாலோருக்கு இது சிறுவயதிலேயே உமிழ்நீர் வழியாய்த் தொற்றுகிறது.) மிக அரிதாக அது மூளைக்குள் ஏறி, நெற்றிப்பொட்டின் உட்புறத்தைப் புண்ணாக்கி வீங்கச்செய்கிறது. ஞாபகமும் உணர்ச்சியும் குடியிருக்கும் இடம் அது. ஆகையால்தான் குணம் மாறுகிறது. சிகிச்சையின்றி விட்டால் 100 பேரில் ஏறக்குறைய 70 பேர் மரிக்கிறார்கள். அசைக்ளோவிர் என்னும் மருந்தை இரத்தக்குழாய் வழியாய் 14 முதல் 21 நாள் செலுத்தினால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். முதுகுத்தண்டு நீரின் பரிசோதனை முடிவு வருமுன்னரே மருத்துவர்கள் இதைத் தொடங்குவார்கள்; அவ்வளவு அவசரம்.

மத்தேயு 4:24-ல் பிசாசு பிடித்தவர்களும் சந்திரரோகிகளும் தனித்தனியே சொல்லப்பட்டிருக்கிறார்கள். 17-ஆம் அதிகாரத்துச் சிறுவன் இரண்டுமாயிருந்தானே என்பீர்கள். மெய்தான், அதை அறிந்து அதட்டினவர் ஆண்டவர். நமக்கோ தெர்மாமீட்டர் கொடுக்கப்பட்டிருக்கிறது.

பிழைத்து வந்தவனுக்கு மறதியும் எரிச்சலும் வலிப்பும் நெடுநாள் நீடிக்கலாம். பின்வாங்கிப்போனான் என்று அவனைப் பேசாதிருங்கள். சிலருக்கு, தேறிய சில வாரங்களுக்குள் பிதற்றல் திரும்பவும் வருகிறது. உடனே மத்தேயு 12-ஐத் திறந்து, ஏழு ஆவிகள் கூடவந்தன என்று தீர்மானிக்கவேண்டாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே தடுமாறி, மூளையிலுள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்குவதால் இப்படி நேரிடுவதுண்டு. 2007-ல் அடையாளங்காணப்பட்ட இக்கோளாறுக்கும் சிகிச்சை இருக்கிறது.

அவசரப் பிரிவில், "புத்தி பேதலித்திருக்கிறது" என்று மாத்திரம் சொல்லி நிறுத்தாதிருங்கள். காய்ச்சல் என்று தொடங்கிற்று, பேச்சு என்று மாறிற்று, வலிப்பு வந்ததா என்பவற்றைச் சொல்லுங்கள். மொழி அறியாத மனைவியோடு, இந்தியோ கன்னடமோ பேசத்தெரிந்த ஒரு சகோதரி போகட்டும். சபையார் ஆஸ்பத்திரி வராந்தாவிலே ஜெபிக்கட்டும். இரண்டுபேர் வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகட்டும்.